‘அளப்பரிய’ என்று எழுதுமுன்: புதிதாக எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

பணி நிறைவு விழாவுக்குப் பாராட்டு மடல், இரங்கல் கூட்டத்துக்கு அஞ்சலிக் குறிப்பு, குடமுழுக்கு மலருக்கு ஒரு பக்கம், சங்கத்துக்கு ஆண்டறிக்கை. இவற்றில் ஏதேனும் ஒன்றை எழுதித் தரும் பொறுப்பு முதன்முறையாக உங்கள் தலையில் விழுந்திருந்தால், மூன்றாவது வரியிலோ நான்காவது வரியிலோ ‘அளப்பரிய’ வந்து நிற்கும். வரட்டும், நல்ல சொல்தான். ஆனால் அது பிழையாகவும் அச்சேறுகிறது, பிழையில்லாமல் அச்சேறும்போது பொருளில்லாமலும் அச்சேறுகிறது. மலர்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

எண்ணற்ற, அளவற்ற, எல்லையற்ற, மட்டற்ற, சொல்லொணா என்று அளவுக்குள் நிற்காதவற்றைச் சொல்லத் தமிழில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. ‘அளப்பரிய’ அந்தக் குடும்பத்தில் ஒரு சொல். குடும்பத்தைத் தெரிந்துகொண்டால்தான் இந்த ஒரு சொல்லை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது என்று பிடிபடும். எழுதும்போது செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: எழுத்தைச் சரிபாருங்கள்

சரியான வடிவம் ‘அளப்பரிய’. அளப்பெரிய, அளப்பறிய, அளபரிய ஆகிய மூன்றும் பிழை.

அளத்தல் என்பதன் இன்னொரு தொழிற்பெயர் ‘அளப்பு’. அதனோடு ‘அரிய’ சேர்கிறது. அளப்பு என்பதன் இறுதியில் உள்ள குற்றியலுகரம், அடுத்து உயிரெழுத்து வந்ததும் விலகிவிடுகிறது. மிஞ்சிய மெய்யின் மேல் ‘அ’ ஏறி அமர்கிறது. அளப்பு + அரிய = அளப்பரிய. பள்ளியில் ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்’ என்று நன்னூல் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும். மறந்தவர்கள் காண்பதற்கரிய, பெறற்கரிய, அளவிடற்கரிய என்ற சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எல்லாவற்றிலும் கடைசியில் நிற்பது அந்த ‘அரிய’தான்.

பிறகு ஏன் ‘அளப்பெரிய’ இவ்வளவு பரவியிருக்கிறது? எழுதுபவர் மனத்தில் இருப்பது ‘மிகப் பெரிய’ என்ற எண்ணம். அந்தப் ‘பெரிய’ கைவழியாக இறங்கிவிடுகிறது. ‘அளப்பறிய’ என்று எழுதுபவருக்கோ ரகர றகரக் குழப்பம். அறிய என்றால் தெரிந்துகொள்ள. அளந்து அறிய முடியாதது என்று சமாதானம் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அந்த ‘முடியாதது’ சொல்லில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க மாணிக்கவாசகரையே சாட்சிக்கு அழைக்கலாம். திருவாசகத்தின் திருவண்டப்பகுதி இப்படித் தொடங்குகிறது:

அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்
அளப்பருந் தன்மை வளப்பெருங் காட்சி

ஒரே அடியில் ‘அளப்பரும்’ என்பதும் ‘வளப்பெரும்’ என்பதும் அடுத்தடுத்து நிற்கின்றன. அளப்பு + அரும், வளம் + பெரும். பெருமை வர வேண்டிய இடத்தில் பெரும், அருமை வர வேண்டிய இடத்தில் அரும். அடியை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள், எதுகை காதில் தங்கிவிடும். பிறகு ‘அளப்பெரிய’ என்று எழுத உங்கள் கையே கூசும்.

இரண்டாம் படி: ‘அரிய’ என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

அளவற்றது என்றால் அளவு என்பதே அதற்கு இல்லை. அளப்பரியது என்றால் அளப்பது கடினம். இரண்டும் ஒன்றல்ல. அரிது என்ற சொல் பழைய தமிழில் பல இடங்களில் ‘முடியாது’ என்ற எல்லைவரை போகும் என்பது உண்மைதான். ‘செய்யாமல் செய்த உதவிக்கு வையகமும் வானகமும் ஆற்றல் அரிது’ என்று வள்ளுவர் சொல்லும்போது, மண்ணையும் விண்ணையும் கொடுத்தாலும் ஈடாகாது என்றுதான் பொருள் கொள்கிறோம். ஆனாலும் ‘அரிது’ என்பதில் ஒரு முயற்சியின் வாசனை இருக்கிறது. யாரோ அளக்கப் புறப்பட்டார், திணறினார் என்ற கதை அதற்குள் இருக்கிறது. ‘அற்ற’ என்பதில் அந்தத் திணறல் கிடையாது.

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தலைவி தன் நட்பைப் பற்றிச் சொல்வதைப் பாருங்கள்: ‘நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரளவின்றே’. ஆரளவு என்றால் அரிய அளவு, அளக்க அரிதாகிய ஆழம். ‘என் காதல் அளவற்றது’ என்று ஒரே சொல்லில் அவள் முடித்துக்கொள்ளவில்லை. பரப்புக்கு நிலத்தையும் உயரத்துக்கு வானத்தையும் ஆழத்துக்குக் கடலையும் கொண்டுவந்து ஒவ்வொன்றிலும் அளந்து பார்க்கிறாள். ஒவ்வொன்றும் தோற்றுப்போகிறது.

இன்று கடலின் ஆழத்தை அளந்துவிட்டார்கள். மரியானா அகழியின் மிக ஆழமான இடம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். அதனால் தலைவியின் வாக்கு பொய்த்துவிடவில்லை. அளப்பதற்கு அரிதாயிருந்தது, அளந்தார்கள், அவ்வளவுதான். ‘அளப்பரிய’ என்று எழுதும்போது இந்தக் கடுமையைத்தான் நீங்கள் வாசகருக்குச் சொல்கிறீர்கள். எளிதில் அளந்துவிடக்கூடிய ஒன்றுக்கு அது பொருந்தாது. ‘அளப்பரிய வருகைப் பதிவு’ என்று ஓர் ஆண்டறிக்கையில் கண்டிருக்கிறேன். வருகைப் பதிவேட்டை எண்ணுவதற்கு ஐந்து நிமிடம் போதுமே.

மூன்றாம் படி: எந்த அளவுகோல் தோற்றது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவை நான்கு வகை என ஆகுபெயர்ப் பாடத்தில் படித்திருப்போம். தேர்வுக்குப் பிறகு அது எதற்குமே பயன்படாது என்றுதான் பலரும் நினைத்திருப்போம். இங்கே பயன்படுகிறது. அளவு கடந்த பொருளைச் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் தோற்றுப்போன ஓர் அளவுகோல் இருக்கிறது. பொருள் எந்த வகையோ, அதற்கு உரிய கோல் தோற்ற சொல்லையே எடுக்க வேண்டும்.

எண்ணிப் பார்க்கும் பொருளுக்கு எண்ணற்ற, எண்ணிலடங்காத, கணக்கற்ற, கணக்கிலடங்காத. நூல்கள், மாணவர்கள், கடிதங்கள், மரங்கள், கூட்டங்கள் எல்லாம் இந்த வகை. ‘எண்ணற்ற அன்பு’ என்று எழுதினால் வழுக்கும். அன்பை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. ‘அளவற்ற மாணவர்கள்’ என்பதும் அப்படியே. மாணவர்களைப் படி வைத்து அளப்பதில்லை.

எண்ணிறந்த என்றும் ஒரு சொல் உண்டு. இறத்தல் என்றால் கடத்தல், எண்ணைக் கடந்தது என்று பொருள். செறிவான சொல். ஆனால் இரங்கல் குறிப்பில் மட்டும் வேண்டாம். ‘எண்ணிறந்த மாணவர்களை உருவாக்கி மறைந்த’ என்று வந்தால் வாசிப்பவர் கண் ‘இறந்த’ என்பதில் இடறி நிற்கும்.

எண்ணற்ற என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் கூச்சம் இருக்கட்டும் என்பேன். தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று பேரெண்களுக்குப் பெயர் வைத்திருந்த மொழி இது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் இந்தப் பெயர்களை எடுத்துக்காட்டுகிறார்கள். எண்ணத் தெரியாமல் எண்ணற்ற என்று கைவிட்டவர்கள் அல்லர் நம்மவர்கள். துறந்தார் பெருமையைச் சொல்ல வந்த வள்ளுவரும் எண்ணற்றது என்று சொல்லி ஒதுங்கிவிடவில்லை. இதுவரை உலகில் இறந்தவர்களை எண்ணிக் கணக்கெடுப்பது போன்றது என்கிறார். கேட்டதும் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, திகைத்து நிற்கிறோம்.

வானத்தைப் பார்த்து ‘எண்ணற்ற விண்மீன்கள்’ என்று எழுதாதவர் இல்லை. ஆனால் தொலைநோக்கி இல்லாமல், விளக்கொளி இல்லாத ஊரில், வெறுங்கண்ணுக்குத் தெரிபவை சில ஆயிரம்தான். பொறுமை இருந்தால் எண்ணிவிடலாம். மொட்டைமாடிக் காட்சியை எழுதுகிறீர்களா, பேரண்டத்தை எழுதுகிறீர்களா என்பதைப் பொறுத்து முடிவுசெய்யுங்கள். எண்ணற்றதையும் முடிவற்றதையும் ஒன்றாக்கிவிடவும் வேண்டாம். கடற்கரை மணல் எண்ணற்றது, ஆனால் முடிவற்றது அல்ல. முடிவற்றது என்பது கணக்குப் பாடத்தின் முடிவுறாக் கணத்துக்கும் முடிவிலிக்கும் பக்கத்தில் நிற்கும் சொல். தத்துவம் எழுதும்போது எடுத்துக்கொள்ளலாம், கூட்ட அறிக்கையில் அதற்கு வேலை இல்லை.

முகந்து அளப்பதுபோல் மொத்தமாக நிற்கும் பொருளுக்கு அளவற்ற, அளவில்லாத, அளப்பரிய, அளவிடற்கரிய. ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால், கலம் என்று நெல்லை அளந்த ஊரில் அளத்தல் என்றாலே முதலில் தோன்றியது முகத்தல் அளவைதான். அந்த வழக்கம் மொழியிலும் படிந்திருக்கிறது. சோறு போடும் கடவுளைப் ‘படியளக்கிறவன்’ என்கிறோம். அன்பு, கருணை, தொண்டு, ஈகை, பெருமை, ஆற்றல் போன்றவை எண்ணிக்கையில் வராமல் மொத்தமாக நிற்பவை. ‘அளப்பரிய’ இங்கேதான் உட்காரும். தொண்டு, பணி, பங்களிப்பு, தியாகம், ஈகை ஆகியவற்றோடு அது இயல்பாகச் சேரும். ‘அளப்பரிய தொண்டர்கள்’ என்று எழுதினால் தொண்டர்களின் உடலை அளக்கப் போனதுபோல் ஆகிவிடும்.

நீட்டி அளப்பதற்கு வரம்பற்ற, எல்லையற்ற, மட்டற்ற, கரைகாணாத. வரம்பு என்பது வயலின் வரப்பு. ஆகவே வரம்பற்ற என்பதில் கட்டுப்பாடு இல்லாமை என்ற நிழலும் விழும். ‘வரம்பற்ற அதிகாரம்’ என்றால் பாராட்டா, புகாரா? புகார்தான். செல்பேசிக் கட்டணத் திட்டத்துக்கு மட்டும் ‘வரம்பற்ற அழைப்புகள்’ என்பது சரியாகப் பொருந்துகிறது, ஏனெனில் அங்கே விலக்கப்படுவது உண்மையிலேயே ஒரு வரம்பு. மட்டற்ற என்பது மகிழ்ச்சியோடு ஒட்டிப் பிறந்ததுபோல் ஆகிவிட்டது. ‘மட்டற்ற மகிழ்ச்சி’ வாழ்த்துரையில் தேய்ந்த நாணயம். தேய்ந்தாலும் செல்லும். ‘மட்டற்ற தொண்டு’ செல்லாது.

எடுத்தல் அளவைக்கு, அதாவது எடைக்கு, இந்தக் குடும்பத்தில் சொல் குறைவு. தாங்கொணாத வேதனை, தாங்கொணாத சுமை என்று ‘தாங்க முடியாமை’யைச் சொல்லித்தான் எடையைக் காட்டுகிறோம்.

இந்த நான்குக்கும் வெளியே ஐந்தாவதாக ஓர் அளவுகோல் இருக்கிறது: சொல். அது தோற்றால் சொல்லொணா, சொல்லில் அடங்காத, சொல்லிமுடியாத. இவற்றைப் பிறகு தனியாகப் பார்ப்போம்.

ஒப்பிடுவது என்பது அளப்பதில் சேராது. நிகரற்ற, ஒப்பற்ற, ஈடிணையற்ற என்றால் அதற்குப் பக்கத்தில் வைக்க வேறொன்று இல்லை என்று பொருள். அது சிறியதாகக்கூட இருக்கலாம். ஒரு மாம்பழத்தின் சுவை ஒப்பற்றது, அளப்பரியது அல்ல. இந்த வேறுபாட்டை மிகத் துல்லியமாகப் பிடித்திருக்கும் தமிழ்த் தொடர் ஒன்று தமிழ் முஸ்லிம்களின் வீடுகளில் நாள்தோறும் புழங்குகிறது: ‘அளவற்ற அருளாளனும், நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்’. அருளுக்கு அளவு இல்லை, அன்புக்கு நிகர் இல்லை. இரண்டிலும் ‘அற்ற’ என்றே முடிந்தாலும் இரண்டு வேறு கோல்கள். அருளையும் அன்பையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், பொருள் கெடாது, ஆனால் இந்த வரிசையின் அழுத்தம் போய்விடும்.

நான்காம் படி: எண் கையில் இருந்தால் எண்ணை எழுதுங்கள்

மேலே சொன்ன திருவண்டப்பகுதியில் அடுத்து என்ன நடக்கிறது என்று யாரும் அதிகம் கவனிப்பதில்லை. அண்டங்களின் தன்மை அளப்பரியது என்று சொல்லிவிட்ட மாணிக்கவாசகர், இரண்டு அடி தாண்டியதும் ‘நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன’ என்கிறார். அளப்பரியது என்றவரே ஓர் எண்ணையும் தருகிறார்! அதோடு விடவில்லை. வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசியை ‘இன்னுழை கதிரின் துன்னணு’ என்று எடுத்துக்காட்டி, இறைவனுக்கு முன் அத்தனை அண்டங்களும் அவ்வளவு சிறியவை என்கிறார். வெறும் ‘அளப்பரும்’ என்பதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு புகழ்ச்சிச் சொல்லாக நின்றிருக்கும். கோடியும் தூசியும் வந்த பிறகு நமக்குத் தலைசுற்றுகிறது.

இதைச் சாதாரண உரைநடையிலும் செய்யலாம். ‘உ.வே.சாமிநாதையர் தமிழுக்கு அளப்பரிய தொண்டாற்றினார்’ என்று ஒரு மாணவர் எழுதுகிறார். தவறில்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு எந்தத் தமிழறிஞரின் பெயரைப் போட்டாலும் வாக்கியம் மாறாமல் நிற்கும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் 1898இல் மணிமேகலையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். செல்லரித்த சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். அவரது தொண்டு அளப்பரியது.’

இப்போது ‘அளப்பரியது’ என்பதற்குக் கால் முளைத்துவிட்டது. நான்கு ஆண்டுகளையும் நான்கு நூல்களையும் படித்த வாசகர், இவற்றின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது என்று தானே கேட்கத் தொடங்கியிருப்பார். அந்தக் கேள்விக்கு விடையாக உங்கள் சொல் வருகிறது. எண் முதலில், ‘அளப்பரிய’ பிறகு. வரிசையை மாற்றினால் பாதிப் பயன் போய்விடும்.

எண் கிடைக்காத நேரமும் உண்டு. ஒரு தாய் பிள்ளைகளுக்காகப் பட்ட பாட்டுக்குப் பதிவேடு ஏது? அங்கே ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் சொல்லை மட்டும் எழுதுங்கள், பரவாயில்லை. ஆனால் கிடைக்கக்கூடிய எண்ணைத் தேடச் சோம்பி ‘எண்ணற்ற’ என்று எழுதினால், அது எண்ணாமல் விட்டதற்கு ஒரு நாகரிகமான பெயர், அவ்வளவே. அளக்காமல் அளப்பதைத் தமிழில் கதையளப்பு என்றும் சொல்வார்கள்.

ஐந்தாம் படி: நல்லதா, கெட்டதா?

அகராதியில் ஒரே பொருள் போட்டிருந்தாலும் வழக்கில் இந்தச் சொற்களுக்கு ஒரு சாய்வு இருக்கிறது. அளப்பரிய என்பது நல்லதற்கு உரியது. ‘அளப்பரிய ஊழல்’ என்று எழுதினால் நையாண்டியாகத்தான் படிக்கப்படும். நையாண்டி வேண்டுமென்றால் எழுதுங்கள். அளவுகடந்த என்பது இருபுறமும் போகும்: அளவுகடந்த பாசம், அளவுகடந்த செலவு. அளவுக்கதிகமான, மிதமிஞ்சிய ஆகியவை கெட்டதற்கே. ‘தலைவரின் மிதமிஞ்சிய அன்பு’ என்று மேடையில் படித்தால் கூட்டத்தில் யாராவது ஒருவர் சிரிப்பார். அபரிமிதம் விளைச்சலோடும் செல்வத்தோடும் நன்றாகப் போகும்.

சொல்லொணா என்பதைத் துயரத்தோடு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ‘சொல்லொணா மகிழ்ச்சி’ இலக்கணப்படி சரிதான், ஆனால் காதுக்குத் துக்கமாகக் கேட்கும். மகிழ்ச்சிக்கும் நன்றிக்கும் சொல்லிமுடியாத, சொல்லில் அடங்காத என்பவை இருக்கின்றன. தமிழ் விவிலியத்தில் ‘தேவன் அருளிய சொல்லிமுடியாத ஈவுக்காக அவருக்கு ஸ்தோத்திரம்’ என்று வருவதைக் கேட்டவர்களுக்கு அந்தச் சொல்லின் இதம் தெரியும்.

மறைவு பற்றி எழுதும்போது ‘அளப்பரிய இழப்பு’ என்பதைவிட ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்பதே வழக்கு. இழப்பை யாரும் அளப்பதில்லை, ஈடுகட்டத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு கண்ணிவெடியையும் சொல்லிவிடுகிறேன். விலைமதிப்பற்ற என்பது உயர்வு. அதில் ‘விலை’ உதிர்ந்து ‘மதிப்பற்ற’ என்று நின்றால் வசை. ‘அவரது மதிப்பற்ற சேவையைப் பாராட்டி’ என்று கேடயத்தில் பொறித்துக் கொடுத்தால், வாங்குபவர் அதை வீட்டு அலமாரியில் எந்தப் பக்கமாகத் திருப்பி வைப்பார்? ஐயம் இருந்தால் ‘விலைமதிக்க முடியாத’ என்று எழுதிவிடுங்கள். ஓர் எழுத்து விழுந்தாலும் மானம் போகாது.

ஆறாம் படி: ஒற்றும் ஒட்டும்

‘அற்ற’ என்றோ ‘அரிய’ என்றோ முடிந்தால் அடுத்து வல்லினம் மிகாது: அளவற்ற பெருமை, எண்ணற்ற கடிதங்கள், அளப்பரிய தொண்டு. ‘ஆத’ என்று முடிந்தாலும் மிகாது: அளவில்லாத பெருமை. ஆனால் அந்தத் ‘த’ கெட்டு ‘ஆ’ என்று நின்றால் மிகும்: அளவில்லாப் பெருமை, மட்டில்லாக் களிப்பு, சொல்லொணாத் துயரம். ‘அளப்பரும்’ என்று மகரத்தில் முடிந்தால் பின்வரும் எழுத்துக்கு இனமான மெல்லெழுத்து வரலாம்: அளப்பருந் தன்மை. இன்றைய உரைநடையில் ‘அளப்பரும் தன்மை’ என்று விட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இவற்றின் முன்னால் மிக, மிகவும், ரொம்ப எதுவும் வேண்டாம். அளக்கவே முடியாத ஒன்றில் கூடுதல் என்ன, குறைவு என்ன? ‘எண்ணற்ற பல நூல்கள்’ என்பதில் ‘பல’ தண்டம். பயனிலையாக வரும்போது தொண்டு அளப்பரியது, உதவிகள் அளப்பரியவை. வினையை விளக்க வேண்டுமென்றால் ‘அளப்பரியதாக உதவினார்’ என்று இழுக்காமல் ‘அளவின்றி உதவினார்’ என்று முடித்துவிடுங்கள்.

ஏழாம் படி: வீட்டுப் பேச்சையும் கேளுங்கள்

வீட்டில் யாரும் அளப்பரிய என்று பேசுவதில்லை. ‘அவர் செய்த உதவியைச் சொல்லி மாளாது’ என்பார்கள். ‘பட்ட கஷ்டம் கொஞ்ச நஞ்சமல்ல.’ திருவிழாக் கூட்டமா? எள் போட்டால் எள் விழாது. பேரன்மேல் பாட்டிக்குக் கொள்ளை ஆசை. வேலை தலைக்குமேல் கிடக்கிறது. இவை எழுத்துத் தமிழிலும் தாராளமாக இடம்பெறும் தொடர்கள். அதிலும் ‘சொல்லி மாளாது’ என்பதற்கு ஈடாக ஒரு புலமைச் சொல் எனக்குத் தோன்றவில்லை. சொல்லத் தொடங்கியவர் ஓய்ந்துபோவது அதில் தெரிகிறது. பாராட்டு மடலில் ஓர் ‘அளப்பரிய’ போட்டுவிட்டால், அடுத்த இடத்தில் இப்படி ஒரு பேச்சுத் தொடரை வையுங்கள். மடல் வாசிக்கும்போது குரல் தானாக இறங்கும், மேடைத்தனம் குறையும்.

எட்டாம் படி: ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

மலருக்கு வந்ததாக ஒரு பத்தியை நானே அமைத்துத் தருகிறேன். வழக்கமாக வருவனவற்றைவிட இதில் பிழை சற்றுக் கூடுதல், ஆனால் எதுவும் அபூர்வமானதல்ல:

‘நமது பள்ளியில் 31 ஆண்டுகள் பணியாற்றிய தலைமையாசிரியர் ஐயா அவர்களின் மதிப்பற்ற சேவை மிகவும் அளப்பெரியது. அளவற்ற மாணவர்களை உருவாக்கிய அவர், எண்ணற்ற அன்பு கொண்டவர். அவரது எல்லையற்ற நேரந்தவறாமை அனைவரும் அறிந்ததே.’

‘மதிப்பற்ற’ முதலில் வெளியேற வேண்டும். ‘மிகவும்’ அதன் பின்னால் போகட்டும். ‘அளப்பெரியது’ அளப்பரியது ஆகிறது, ஆனால் முதல் வாக்கியத்தில் அதற்கு இடமில்லை, கடைசிக்குப் போக வேண்டும். மாணவர்களுக்கு அளவற்ற என்பதும் அன்புக்கு எண்ணற்ற என்பதும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. மாற்றி வைத்தாலே பாதி சரியாகிவிடும். ஆனால் மாணவர்கள் உண்மையில் எண்ணற்றவர்களா? பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. அலுவலகத்தில் கேட்டு ஒரு மாலை உட்கார்ந்தால் எண் கிடைத்துவிடும். நேரந்தவறாமைக்கு எல்லை எதற்கு? மணி அடிக்கும் முன் வந்தார் என்றால் முடிந்தது.

திருத்திய பிறகு:

‘தலைமையாசிரியர் ஐயா அவர்கள் நமது பள்ளியில் 31 ஆண்டுகள் பணியாற்றினார். காலையில் முதல் மணி அடிக்கும்போது அவர் வாசலில் நிற்காத நாள் இல்லை. கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளை மாலையில் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. அவரிடம் படித்தவர்கள் இன்று இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர் காட்டிய அன்பைச் சொல்லி மாளாது. இந்தப் பள்ளிக்கு அவர் ஆற்றிய தொண்டு அளப்பரியது.’

பதிவேட்டிலிருந்து எண் கிடைத்தால் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்பதற்கு முன்னால் அதைச் சேருங்கள். கிடைக்காவிட்டால் இப்படியே விடலாம்.

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்ததும் வேறெதைப் பார்க்காவிட்டாலும் இந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். நீங்கள் சரியாக எழுதிக் கொடுத்த ‘அளப்பரியது’ என்பதைத் தட்டச்சு செய்பவர் பிழை என்று நினைத்து ‘அளப்பெரியது’ என்று ‘திருத்தி’ வைப்பதுண்டு. மலரென்றால் பிழைதிருத்தப் பக்கம் ஒட்டலாம். ஃபிளெக்ஸ் பலகை என்றால் அடித்தது அடித்ததுதான்.